வெளிநாட்டில் இருந்துகொண்டு, ஊரில் படுக்கையில் இருக்கும் அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஆள் வைப்பது எப்படி? எவ்வளவு செலவாகும்?

நீங்கள் துபாயில் இருக்கிறீர்கள். உங்கள் அம்மா காரைக்குடிக்குப் பக்கத்து ஊரில் பக்கவாதம் வந்து படுத்திருக்கிறார். வீட்டோடு தங்கிப் பார்க்க ஆள் கிடைக்குமா, மாதம் எவ்வளவு ஆகும், கேமரா பொருத்தலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். உடன்பிறந்தவர்களைப் பற்றி ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. அதிலிருந்தே பாதி எனக்குப் புரிந்துவிட்டது. யார் எவ்வளவு கொடுப்பது என்ற பேச்சு இன்னும் உங்கள் வீட்டில் தொடங்கவே இல்லை, அல்லது தொடங்கிச் சண்டையில் நின்றிருக்கிறது.

ஆளைத் தேடுவதற்கு முன் பணத்துக்கு வழி செய்யுங்கள். பெரும்பாலான வீடுகளில் முதலில் அவசரமாக ஓர் ஆளை வைத்துவிடுகிறார்கள். மூன்றாம் மாதம் சம்பளம் தள்ளிப்போகிறது. அந்தப் பெண் சொல்லாமல் கிளம்பிவிடுகிறாள். பிறகு "இந்தக் காலத்தில் ஆளே கிடைப்பதில்லை" என்கிறார்கள். ஆள் கிடைக்கிறது. முதல் தேதியில் சம்பளம் கிடைக்கும் என்ற நம்பிக்கைதான் அவர்களுக்குக் கிடைப்பதில்லை.

என் ஆத்தாவுக்கு, அம்மாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம், 2022-ல் பக்கவாதம் வந்தது. மதுரையில் வைத்தியம் முடிந்து, மூக்கில் ஒரு குழாய், சிறுநீருக்கு ஒரு குழாய் என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அண்ணன் சிங்கப்பூரில், தம்பி பெங்களூரில். நான் காரைக்குடியில் வாழ்க்கைப்பட்டவள். பள்ளத்தூரில் இருக்கும் பிறந்த வீட்டுக்கு ஓடிவரக்கூடிய தூரத்தில் இருந்தது நான் ஒருத்திதான்.

எங்கள் வீட்டைப் பார்க்கும் வெளியூர்க்காரர்கள், இந்த வீட்டுக்காரர்களுக்கா பணமுடை என்பார்கள். பர்மா தேக்குத் தூண்கள், ஆத்தங்குடிக் கல் பதித்த தளம், முகப்பு, வளவு என்கிற உள்முற்றம், இரண்டாம் கட்டு எல்லாம் உண்டு. ஆனால் அது பல புள்ளிகளுக்குப் பொதுவான வீடு. கல்யாணமான ஆண் ஒவ்வொருவரின் குடும்பத்தையும் எங்கள் நகரத்தார் சமூகத்தில் ஒரு புள்ளி என்போம். ஆத்தாவுக்கென்று இருப்பது ஓர் இரட்டை அறையும் எழுத்தில் ஒரு பங்கும்தான். அறுபது வயது கடந்தவர்கள் சொந்த வீட்டை வங்கியிடம் ஈடுவைத்து மாதாமாதம் பணம் பெற்றுக்கொள்ளும் ரிவர்ஸ் மார்ட்கேஜ் என்ற திட்டம் 2007-லிருந்து இருக்கிறது. அதற்கு வீடு முழுமையாக அவர் பெயரில், வில்லங்கமில்லாமல் இருக்க வேண்டும். பங்காளிகளின் பொதுவீடு அதற்குள் அடங்காது. மருத்துவக் காப்பீடும் மருத்துவமனைச் செலவுக்குத்தான் உதவியது. வீட்டில் இருந்து துடைத்து, கழுவி, ஊட்டிவிடுகிறவரின் சம்பளத்தை அது தருவதில்லை. உங்கள் அம்மாவின் பாலிசியிலும் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும், எடுத்துப் பாருங்கள்.

ஆத்தாவுக்கு அவர் பிறந்த வீட்டில் கொடுத்த மனை ஒன்று காரைக்குடியில் இருந்தது. அவர் சம்மதத்தோடு அதை விற்றோம். சொத்துக்காகத்தான் மகள் ஓடி ஓடிப் பார்க்கிறாள் என்று பேசியவர்களுக்கு இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். அந்தப் பணத்தில் ஒரு ரூபாய்கூட எங்கள் யார் கணக்குக்கும் வரவில்லை. 20 லட்சத்தை 2023-ல் ஆத்தா பெயரில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போட்டோம். வட்டி 8.2 சதவீதம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை 41,000 ரூபாய் வருகிறது. இந்தத் திட்டத்தில் ஒருவர் 30 லட்சம் வரை போடலாம். கணவன் மனைவி தவிர வேறு யாரையும் கூட்டாகச் சேர்க்க முடியாது. வட்டி ஏப்ரல், ஜூலை, அக்டோபர், ஜனவரி மாதத் தொடக்கத்தில்தான் வரும் என்பதால், மூன்று மாதச் சம்பளத்தைக் கையில் தனியாக வைத்துக்கொண்டு தொடங்குங்கள். அம்மாவுக்கு வரி கட்டும் அளவுக்கு வருமானம் இல்லையென்றால் வட்டியில் வரி பிடிக்க வேண்டாம் என்ற படிவத்தைக் கொடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் வட்டியில் பிடித்துவிடுவார்கள்.

எங்கள் மாதச் செலவு 30,000 ரூபாயை ஒட்டி வந்தது. இரவு பகல் தங்குகிறவருக்குச் சம்பளம் 18,000. மீதி டயப்பர், மருந்து, குழாய் மாற்றும் செவிலியர், பிசியோதெரபி, தங்குகிறவரின் சாப்பாடு. வட்டி போக மாதம் பதினாறாயிரம் சொச்சம் துண்டு விழுந்தது. அதை யார் போடுவது என்பதில்தான் எங்கள் வீட்டில் இடி விழுந்தது.

அண்ணன் "ஆகிற செலவைச் சொல், அனுப்புகிறேன்" என்றார். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் மாதாமாதம் நான் கையேந்த வேண்டும், அவர் கணக்குக் கேட்க வேண்டும், அண்ணமிண்டி, அதாவது அண்ணி, முகம் சுளிக்க வேண்டும். தம்பிக்கு வீட்டுக் கடன். பங்காளி வீட்டுப் பெரியவர் ஒருவர், "ஆண்மக்கள் இரண்டு பேர் பார்த்துக்கொள்ளட்டும், கட்டிக்கொடுத்த பெண் ஏன் இதில் தலையிடுகிறாள்" என்றார்.

அன்று நான் கேட்டதை இங்கேயும் எழுதுகிறேன். கோயிலுக்குப் புள்ளிவரி என்றால் ஏன் என்று கேட்காமல் கட்டுகிறோம். படைப்புக்குத் தலைக்கு இவ்வளவு என்று முடிவானால், மலேசியாவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் அந்த வாரமே பணம் வந்து சேர்கிறது. இறந்துபோன முன்னோருக்குப் புடவை வைத்துப் படைக்கப் புள்ளிக்கணக்கு உண்டு. உயிரோடு இருக்கிற ஆத்தாவின் முதுகில் புண் வராமல் பார்க்க ஒரு புள்ளிக்கணக்கு போட்டால் என்ன? நான் படைப்பையோ கோயிலையோ குறை சொல்லவில்லை. நானும் கும்பிட்டு வளர்ந்தவள்தான். அந்த ஒழுங்கு நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது, அதை ஆத்தாவுக்கும் பயன்படுத்துங்கள் என்றுதான் கேட்டேன்.

முடிவில் மூன்று பங்காகப் போட்டோம். அண்ணன் ஒரு பங்கு, தம்பி ஒரு பங்கு, நான் ஒரு பங்கு. ஒவ்வொருவரும் மாதம் 5,500 ரூபாய், 28-ம் தேதிக்குள், தனிக் கணக்கில். அதிகம் சம்பாதிக்கிறவர் அதிகம் போடட்டும் என்று சிலர் சொல்வார்கள். நியாயம்தான். நாங்கள் சமமாக வைத்ததற்குக் காரணம், யாரும் யாருக்கும் கடன்பட்டதாகப் பேசக் கூடாது என்பதுதான். அடித்தல் திருத்தல் இல்லாமல் வரவு செலவு எழுதி, மாதக் கடைசியில் படம் எடுத்து மூவருக்கும் போட்டுவிடுவேன். காட்டன் துணி வாங்கிய ரசீது முதல் அதில் இருக்கும். கணக்கு எழுதத் தெரிந்த சமூகம் என்று சொல்லிக்கொள்கிறோம், அதை இங்கே காட்டினேன் என்பதில் எனக்குப் பெருமை உண்டு.

மகளிடம் வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு: பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007-ல் வந்தது. அதில் மகன், மகள் என்ற வேறுபாடு கிடையாது. பார்க்காத பிள்ளைகளிடமிருந்து மாதம் 10,000 ரூபாய் வரை பெற்றுத்தரக் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்துக்கு அதிகாரம் உண்டு. நம் பக்கத்துக்குத் தேவகோட்டைக் கோட்டம். பிள்ளை இல்லாதவர்களுக்கு, அவர்களுடைய சொத்தை வைத்திருக்கிற அல்லது அடையப்போகிற உறவினர் பொறுப்பு. பிள்ளை கூட்டிக்கொண்ட, அதாவது தத்தெடுத்த, வீடுகளும் கூட்டாமல் விட்ட வீடுகளும் நம்மிடம் நிறைய இருப்பதால் இதைச் சொல்கிறேன். உங்கள் அம்மா யாருக்காவது சொத்தை எழுதிக்கொடுப்பதாக இருந்தால், "என்னைக் கடைசிவரை பராமரிக்க வேண்டும்" என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். அது எழுத்தில் இருந்தால்தான் பின்னால் பத்திரத்தை ரத்துசெய்யக் கேட்பது எளிது.

இன்னொன்று அவசரம். அம்மாவுக்கு நினைவு தெளிவாக இருக்கும்போதே வங்கிக் கணக்கில் இன்னொருவரைச் சேர்த்துவிடுங்கள். பவர் பத்திரம் இருக்கிறதே என்று இருந்துவிடாதீர்கள். எழுதிக்கொடுத்தவருக்குப் புத்தி தெளிவு போய்விட்டால் அந்தப் பவரும் செல்லாது. கை வராததால் கையெழுத்துப் போட முடியவில்லை என்றால், இரண்டு சாட்சிகள் முன்னால் கைநாட்டு வைத்துப் பணம் எடுக்கலாம். சாட்சிகளில் ஒருவர் வங்கி அதிகாரியாக இருக்க வேண்டும். ரிசர்வ் வங்கி இதைத் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. கவுன்டரில் மறுத்தால் மேலாளரிடம் கேளுங்கள்.

இப்போது ஆள். முதலில் ஏஜென்சி மூலம்தான் வைத்தோம். பெயர் வேண்டாம். எங்களிடம் வாங்கிய தொகையில் மூன்றில் ஒரு பங்கு அந்தப் பெண்ணுக்குப் போகவில்லை என்பதே அவர் கிளம்பும் நாளில்தான் தெரிந்தது. அதோடு, ஒருவர் வேலை பழகுவதற்குள் வேறொருவரை அனுப்பிவிடுவார்கள். ஆத்தாவுக்குப் பேச்சு குழறும். அவர் கண்ணசைவைப் படிக்கப் பழகுவதற்கே நாள் வேண்டும். ஏஜென்சி வைத்தால், கையில் எவ்வளவு கொடுக்கிறார்கள் என்பதை அந்தப் பெண்ணிடமே நேராகக் கேளுங்கள்.

நிலைத்தவர் கல்லல் பக்கத்திலிருந்து வந்தார். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வந்த செவிலியர் சொல்லிவிட்ட ஆள். 2021-ல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை வீட்டுக்கு வரும் என்பதுதான் பலருக்குத் தெரியும். படுக்கையில் இருப்பவர்களுக்கு வலிநிவாரண ஆதரவுச் சிகிச்சையும் பிசியோதெரபியும் உண்டு. உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அம்மா பெயரைப் பதிந்து வையுங்கள். யார் பொறுமையாகப் பார்ப்பார், யார் பார்க்கமாட்டார் என்பது அந்தச் செவிலியர்களுக்கு வீடு வீடாகத் தெரியும்.

அவர் வந்த அன்று உறவில் ஒருவர் கேட்ட முதல் கேள்வி, "என்ன ஆள்கள்?" இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்கத் தெரியுமா, குழாயில் கஞ்சி கொடுக்கும்போது தலையை உயர்த்தி வைக்கத் தெரியுமா என்று ஒருவரும் கேட்கவில்லை. ஆத்தாவின் மலத்தை எடுக்கும் கை எந்தச் சாதி என்று பார்க்காதவர்களுக்கு, அவர் சமையல்கட்டில் காப்பி கலந்துகொள்வது மட்டும் உறுத்தியது. "அவர் எங்கு வேண்டுமானாலும் போவார், பிடிக்காதவர்கள் வராமல் இருக்கலாம்" என்றேன். சிலர் வரவில்லை. ஆத்தாவுக்கு அதனால் எந்தக் குறையும் இல்லை.

கட்டிலை எங்கே போடுவது என்பதிலும் தகராறு. எங்கள் அறைகள் இருட்டு, படி உயரம், கழிப்பறை கடைசிக் கட்டில். வளவைச் சுற்றியுள்ள பத்தியில், அதாவது தாழ்வாரத்தில், காற்றும் வெளிச்சமும் இருந்ததால் அங்கே போட்டேன். பங்காளி வீட்டுக் கல்யாணம் வந்தது, எடுக்கச் சொன்னார்கள். கல்யாணம் நடக்கும்வரை இரண்டாம் கட்டுக்கு மாற்றிக்கொண்டேன், முடிந்ததும் திரும்பக் கொண்டுவந்தேன். அதற்கு மேல் விட்டுக்கொடுக்கவில்லை. காற்று மெத்தையும் இந்த இடமும் சேர்ந்துதான் ஆத்தாவின் முதுகைக் காப்பாற்றின.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வீட்டில் கிழவி ஒருத்தி படுக்கையில் இருக்கிறாள் என்று தெரிந்ததும் பழைய சாமான் வாங்குகிறவர்கள் கதவைத் தட்டத் தொடங்கிவிட்டார்கள். பீங்கான் ஜாடி இருக்கிறதா, பித்தளை அண்டா இருக்கிறதா, கதவைக் கழற்றிக் கொடுப்பீர்களா என்று. பங்கு பிரியாத பொருளை, நினைவு தடுமாறும் ஒரு மனுஷியிடம் விலை பேசுகிறார்கள். இதைத் தடுக்க ஊரில் யாருக்கும் அக்கறை இல்லை. அந்தக் கல்லல் பெண்தான் வாசலில் நின்று அனுப்பிவைப்பார்.

அவருக்கு வாரம் ஒரு நாள் விடுப்பு. அன்று நான் போய்விடுவேன். இரவுத் தூக்கம் கெட்டால் பகலில் தூங்க நேரம். பொங்கலுக்கு ஒரு மாதச் சம்பளம். இதெல்லாம் ஆடம்பரம் என்று உங்கள் உறவினர் சொல்வார்கள். சொல்லட்டும். வருபவர் மனிதர், அவருக்கும் முதுகு வலிக்கும். சம்பளத்தைத் துபாயிலிருந்து நேராக அவர் வங்கிக் கணக்குக்கே அனுப்புங்கள், நடுவில் எந்தச் சித்தப்பாவும் வேண்டாம்.

அரசு உதவியை எதிர்பார்த்துத் திட்டமிட முடியாது, ஆனால் விடவும் வேண்டாம். கடுமையான பாதிப்பு உள்ள மாற்றுத்திறனாளிகளுக்குத் தமிழக அரசு மாதம் 2,000 ரூபாய் தருகிறது. சிவகங்கையில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள், முதலில் மருத்துவச் சான்றும் அடையாள அட்டையும் வேண்டும். அம்மா தம்மைச் சார்ந்திருப்பவராக இருந்து, பாதிப்பு 80 சதவீதத்துக்குக் குறையாமல் இருந்தால், பழைய வரிமுறையில் இருப்பவர் வரிக்கான வருமானத்தில் 1,25,000 ரூபாய் கழித்துக்கொள்ளலாம். இது இந்தியாவில் வசிப்பவருக்குத்தான். உங்களுக்கு இங்கே உடன்பிறந்தவர் இருந்தால் அவருக்குச் சொல்லுங்கள். ஆலோசனைக்கு 14567 என்ற முதியோர் உதவி எண்ணும் இருக்கிறது.

கேமரா விஷயம். முகப்பிலும் வாசலிலும் வையுங்கள், வைத்திருப்பதை வருபவரிடம் முதல் நாளே சொல்லுங்கள். அம்மாவைத் துடைத்து உடை மாற்றும் இடத்திலும் அந்தப் பெண் படுத்துத் தூங்கும் இடத்திலும் வைக்காதீர்கள். அம்மா எப்படி இருக்கிறார் என்று தெரிய வேண்டுமானால் தினமும் வீடியோவில் கூப்பிட்டு அம்மாவோடு பேசுங்கள். கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்பவரோடும் இரண்டு வார்த்தை பேசுங்கள்.