குளிர்ந்த ரூபிடியம் வாயுவில் ஒத்திசைவு: கேள்வி பதில்

கேள்வி: ரூபிடியம்-87 அணுக்கள், அவற்றைப் பிடித்துவைக்கும் 1064 நானோமீட்டர் லேசர் பொறி, வெப்பநிலை 1 மைக்ரோகெல்வின். அணுக்கள் பொறியில் 30 நொடி நிற்கின்றன. ரேம்சே அலைவோ (இரு மைக்ரோவேவ் துடிப்புகளுக்கு இடையே காத்திருந்து அளப்பது; அணுக்கள் ஒரே தாளத்தில் இருக்கும் ஒத்திசைவை அது காட்டும்) 0.2 நொடியில் மங்கிவிடுகிறது. எங்கே தவறு?

பதில்: தவறே இல்லை, கணக்குப்படி அவ்வளவுதான் வரும். கடிகார மட்டங்கள் (அளவீட்டில் பயன்படும் அணுவின் இரு ஆற்றல் மட்டங்கள்) இரண்டுக்கும் இடைவெளி 6.8 கிகாஹெர்ட்ஸ். அதனால் அவை உணரும் பொறி ஆழம் லட்சத்தில் ஏழு பங்கு வேறுபடும். சூடான அணு ஓரம்வரை ஊசலாடும், குளிர்ந்தது அடியிலேயே கிடக்கும், ஆளுக்கொரு அதிர்வெண். வெப்பநிலையைப் பாதியாக்கினால் ஒத்திசைவு நேரம் இரட்டிக்கும். பொறியின் ஆழத்தை மிக மெதுவாகக் கால்வாசியாக்குங்கள், வெப்பநிலை ஏறக்குறையப் பாதியாகும். ஆனால் புவியீர்ப்பு மைக்ரோமீட்டருக்கு 0.1 மைக்ரோகெல்வின் வீதம் கீழே இழுக்கும். அளவு மீறிக் குறைத்தால் அணுக்கள் கொட்டிவிடும்.

கேள்வி: காரணம் காந்த இரைச்சலா, பொறியா என்று எப்படிப் பிரிப்பது?

பதில்: நீண்ட காத்திருப்பு நேரத்தில் ஒரே அளவீட்டை, அதாவது மேல் மட்டத்தில் இருக்கும் அணுக்களின் பங்கை, ஐம்பது முறை எடுங்கள். புள்ளிகள் 0-க்கும் 1-க்கும் இடையே சிதறினால் புலமோ மைக்ரோவேவ் மூலமோ ஆடுகிறது. எல்லாம் 0.5-இல் குவிந்தால் அணுக்களுக்குள்ளேயே கட்டம் (அலைவில் ஒவ்வோர் அணுவும் நிற்கும் இடம்) பிரிகிறது. பலர் இதைப் பார்க்காமலே காந்தக் கவசம் வாங்கிவிடுகிறார்கள்.

கேள்வி: புள்ளிகள் சிதறத்தான் செய்கின்றன. என்ன செய்யலாம்?

பதில்: முதலில் ஒவ்வோர் ஓட்டத்தையும் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் ஒரே கட்டத்தில் தொடங்குங்கள், செலவில்லாத வைத்தியம். காந்தப் பொறி என்றால் F=1, m=−1 மட்டத்தையும் F=2, m=+1 மட்டத்தையும் எடுத்து (F, m இரண்டும் மட்டங்களை அடையாளம் காட்டும் குவாண்டம் எண்கள்), பொறியின் அடியில் புலத்தை 3.23 காஸில் (காஸ் காந்தப்புல அலகு) வையுங்கள். அங்கே அதிர்வெண் மாற்றத்தின் முதல்படி பூஜ்யம், அதாவது புலம் சற்று ஆடினாலும் அதிர்வெண் ஏறக்குறைய நகராது. லேசர் பொறியில் m=0 இணை போதும்: 1 காஸில் 1 மில்லிகாஸ் ஆடினால் சுமார் 1.2 ஹெர்ட்ஸ் நகரும். 3.23 காஸ் இணைக்கு ஒரு மைக்ரோவேவ், ஒரு ரேடியோ அலை என இரண்டு ஃபோட்டான் வேண்டும்.

கேள்வி: நடுவே எக்கோ துடிப்பு (கட்ட விலகலைத் தலைகீழாக்கும் மைக்ரோவேவ் துடிப்பு) கொடுத்தால் எல்லாம் சரியாகுமா?

பதில்: அணுவின் ஆற்றல் மாறாதவரை சரியாகும். மோதல்கள் ஆற்றலைக் கலைத்தால் முதல் பாதியின் பிழையை இரண்டாம் பாதி ஈடுகட்டாது. லேசர் கற்றை நடுங்கினாலும் அதே கதை.

கேள்வி: அப்படியானால் அடர்த்தியைக் குறைப்பதே நல்லதா?

பதில்: எல்லா நேரத்திலும் அப்படியல்ல. 2010-இல் பாரிஸில் அணுச் சில்லில் (மின்கம்பிகள் பதித்த தகட்டருகே அணுக்களைப் பிடிக்கும் கருவி) ரூபிடியத்துக்கு 58 நொடி ஒத்திசைவு கண்டார்கள். ஒரே வகை அணுக்கள் முன்னோக்கி மோதும்போது அவற்றின் ஸ்பின்கள் (அணுக்களின் உள்நிலையைக் குறிக்கும் அம்புகள்) ஒன்றையொன்று சுற்றி, விலகிய கட்டங்களைத் தாமே திருப்பிக் கொண்டுவந்தன. அந்த நிலையில் எக்கோ துடிப்பு கொடுத்தால் இந்தத் தன்னொழுங்கோடு மோதி ஒத்திசைவை இன்னும் வேகமாகக் கெடுக்கக்கூடும். எக்கோவோடும் எக்கோ இல்லாமலும் அளந்து பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.