தந்தம் கொறிக்கும் அணில்

கேள்வி: ஆப்பிரிக்கக் காட்டில் யானைத் தந்தத்தைத் தின்று வாழும் பெரிய அணில் ஒன்று இருப்பதாக நண்பர் ஒருவர் சொன்னார். இது உண்மையா, கட்டுக்கதையா?
- வாசகர், தேனி

பதில்: அணில் உண்மை, அது தந்தத்தில் வாய் வைப்பதும் உண்மை. ஆனால் தின்பது வேறு, கொறிப்பது வேறு. உங்கள் நண்பர் குறிப்பிட்டது ஆப்பிரிக்கக் காட்டுப் பேரணில். மேற்கே சியரா லியோனிலிருந்து காங்கோ படுகை வழியாகக் கிழக்கே கென்யாவின் காகமேகா காடு வரையிலும், தெற்கே அங்கோலா வரையிலும் வாழும் இவ்வணிலை, நைஜர் ஆற்றுப் பயணக் குழுவில் 1841-இல் சென்ற வில்லியம் ஸ்டாங்கரின் பெயரைச் சேர்த்து, மறு ஆண்டு ஆங்கிலேய இயற்கையியலாளர் ஜார்ஜ் வாட்டர்ஹவுஸ் அறிவியல் உலகுக்கு அறிமுகப்படுத்தினார். சுமார் இருபது ஆண்டுகள் கழித்து, காபோன் காடுகளில் சுற்றிய பயண ஆய்வாளர் பால் டு சாயு அதே அணிலைப் புதிய இனம் என்று எண்ணி, 'தந்தம் உண்ணி' என்று பொருள்படும் லத்தீன் பெயரைச் சூட்டினார். நண்பர் கேள்விப்பட்ட செய்தியின் வேர் பெரும்பாலும் அந்தப் பெயர்தான்.

தந்தம் அதற்கு உணவன்று. மழை ஓயாத காடுகளில் மண்ணின் தாது உப்புகள் கரைந்து போய்விடுகின்றன. கொட்டைகளையும் பழங்களையுமே நம்பி வாழும் விலங்குக்குச் சுண்ணாம்புச் சத்து எளிதில் கிடைப்பதில்லை. இறந்த யானையின் தந்தமோ எலும்போ காட்டில் கிடந்தால், அந்தச் சத்துக்காகவே அணில் அதைக் கொறிக்கிறது என்பதுதான் பொருத்தமான விளக்கம். முள்ளம்பன்றிகளும் எலும்பைக் கொறிப்பது பலரும் அறிந்ததே.

இதன் அன்றாட உணவு கடினமான ஓடுள்ள கொட்டைகள். பாமாயில் தரும் எண்ணெய்ப்பனையின் தாயகம் அந்தக் காடுகளே என்பதால், அதன் காய்க்குலையும் இந்த அணிலுக்குப் பழகிய இடம். செந்நிறச் சதைக்குள் நம் பல்லுக்குச் சற்றும் இடம் தராத ஓடு, அதற்குள் பருப்பு. அந்தக் கொட்டையை அணில் முன்னங்கால்கள் இரண்டாலும் பற்றிக்கொண்டு, உளி போன்ற முன்பற்களால் ஓட்டை உடைக்கிறது. அந்தப் பற்களின் முன்புறத்தில் மட்டுமே கெட்டியான எனாமல் இருப்பதால், பின்புறம் விரைவாகத் தேய்ந்து விளிம்பு தானே கூர்மையாகிறது. தேயும் அளவுக்கு அவை வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டும் இருக்கின்றன.

காபோனின் மகோகு பகுதியில் ஒன்பது வகை அணில்கள் ஒரே காட்டைப் பகிர்ந்துகொள்வதை விலங்கியலாளர் லூயிஸ் எம்மன்ஸ் ஆராய்ந்து 1980-இல் வெளியிட்டார். அவற்றில் சுமார் 16 கிராம் மட்டுமே எடையுள்ள குள்ள அணில் மரப்பட்டையைச் சுரண்டி உண்கிறது. அதைப் போல நாற்பது மடங்கு எடையுள்ள பேரணிலோ கொட்டை உடைக்கிறது. உடலளவும், உணவும், நடமாடும் உயரமும் வேறுபடுவதால் ஒரே காட்டில் இத்தனை வகை அணில்களுக்கும் இடம் இருக்கிறது. எனக்குத் தந்தக் கதையைவிட இதுவே பெரிய வியப்பு.

கேள்வி: அது எங்கள் ஊர்ச் சாம்பல் நிற மலையணிலுக்கு உறவா?
- வாசகி, ஸ்ரீவில்லிபுத்தூர்

பதில்: மிகத் தூரத்து உறவு. நம் மலையணில்கள் அணில் குடும்பத்தில் தொன்மையான ஒரு தனிக்கிளை. ஆப்பிரிக்கப் பேரணிலோ, தரையில் வளை தோண்டி வாழும் தரை அணில்களுக்கும், மர்மோட் எனப்படும் பருத்த உடல்கொண்ட அணிலினங்களுக்கும்தான் நெருங்கியது. நெருங்கிய உறவு இல்லாமலே இரண்டும் உயர்ந்த மரங்களில் வாழும் பேரணில்களாக இருக்கின்றன. அளவிலும் ஆப்பிரிக்க அணில் சிறியது: பெரும்பாலும் ஒரு கிலோவைத் தாண்டாது. கறுப்பும் வெளுப்புமாக வளையங்கள் கொண்ட அடர்ந்த வாலும், ஏறக்குறைய முடியே இல்லாத வயிறும் அதன் அடையாளங்கள்.

கேள்வி: அது அழியும் நிலையில் உள்ளதா?
- வாசகர், மட்டக்களப்பு

பதில்: பரவல் மிக அகன்றது என்பதால் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் அதனை உடனடி ஆபத்து இல்லாத இனமாகவே வகைப்படுத்தியுள்ளது. எனினும் இறைச்சிக்காக அது வேட்டையாடப்படுகிறது. மேற்கு ஆப்பிரிக்காவில் காடுகள் துண்டு துண்டாகி வருவது அதைவிடக் கவலைக்குரியது; பேரணில் வாழ்வது உயர்ந்த மரங்களின் கிளைகளில் என்பதால், அத்தகைய மரங்கள் வெட்டப்பட்ட இடத்தில் அதற்குப் போக்கிடம் இல்லை.