மழை எப்போது கேட்கத் தொடங்குகிறது?

கேள்வி: சில வருடங்களாகச் சிறுகதை எழுதுகிறேன். சமீபத்தில் ஒன்றைப் படித்த நண்பர், "எங்கே பார்த்தாலும் டக் டக், சோ சோ என்று குழந்தைகள் கதை மாதிரி இருக்கிறது. எல்லாவற்றையும் அடித்துவிடு" என்றார். ஒரே வார்த்தை திரும்பத் திரும்ப வருகிறது என்றும் குறை சொன்னார். ஓசையைச் சொன்னால்தான் காட்சி கண்முன் வரும் என்று நான் நினைத்திருந்தேன். நிஜமாகவே எடுத்துவிட வேண்டுமா? படுக்கையில் கிடக்கும் அப்பாவின் பக்கத்தில் மகள் இரவெல்லாம் விழித்திருக்கும் கதை அது. ஒரு பத்தியை இணைத்திருக்கிறேன்.
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: உங்கள் நண்பர் சொன்னதில் பாதி சரி. ஓசைச் சொற்கள் அதிகம்தான். ஆனால் எல்லாவற்றையும் அடித்துவிட்டால் கதை ஊமையாகிவிடும். முதலில் உங்கள் பத்தியை மற்ற வாசகர்களும் பார்க்கட்டும்:

"மழை சோவென்று பெய்தது. ஜன்னல் படபடவென்று அடித்துக்கொண்டது. கடிகாரம் டிக் டிக் என்றது. அப்பா கர் கர் என்று மூச்சு விட்டார். அவள் இதயம் திக் திக் என்று அடித்தது."

ஐந்து வாக்கியம், ஐந்து ஓசை. தனித்தனியாகப் பார்த்தால் ஒன்றும் தப்பில்லை. ஆனால் ஐந்தும் ஒரே அளவு சத்தத்தில் கேட்கின்றன. அந்த அறையில் ஒரு மனுஷி உட்கார்ந்திருக்கிறாள் என்பதே மறந்துபோகிறது. நோயாளியின் பக்கத்தில் விழித்திருப்பவர்களுக்கு ஐந்து ஓசை கேட்காது. ஒன்றுதான் கேட்கும், மூச்சு. மற்றதெல்லாம் அதற்கு அப்பால் எங்கோ இருக்கும். இதே பத்தியை நான் இப்படி மாற்றிப் பார்த்தேன்:

"அப்பாவின் மூச்சு கர்ரென்று ஏறியது. இறங்கியது. ஏறியது. இறங்கியது. ஏறியது. வெளியே மழை பெய்துகொண்டிருப்பது அப்போதுதான் அவளுக்குக் கேட்டது. சோவென்ற மழை. எப்போது பிடித்ததோ. அப்புறம் மூச்சு இறங்கியது."

'சோ' உங்களுடையதுதான், 'கர்' உங்களுடையதுதான். இடம் மட்டும் மாறியிருக்கிறது. மூச்சு நின்ற அந்த ஓரிரு நொடி இடைவெளியில் மழையை வைத்தேன். அவள் எவ்வளவு நேரமாக மழையைக்கூடக் கேட்காமல் உட்கார்ந்திருக்கிறாள் என்பது அங்கே தெரிந்துவிடுகிறது. ஜன்னலும் கடிகாரமும் போய்விட்டன. 'திக் திக்'கும் போய்விட்டது. அது இப்போது படிக்கிறவருக்கு அடித்துக்கொண்டால் போதும், அவளுக்கு அடித்ததாக நீங்கள் எழுத வேண்டியதில்லை.

ஆகவே ஒவ்வொரு ஓசைச் சொல்லையும் எழுதும்போது கேட்க வேண்டிய கேள்வி, 'இது யார் காதில் விழுகிறது?' என்பதுதான். யார் காதிலும் விழாத ஓசை பின்னணி இரைச்சல். அதைத்தான் உங்கள் நண்பர் குழந்தைகள் கதை என்றார் என்று நினைக்கிறேன். (குழந்தைகளுக்கு எழுதுகிறவர்கள் இதைப் படித்தால் கோபப்படுவார்கள். நல்ல குழந்தைக் கதைகளில் ஓசை மிகக் கணக்காகத்தான் வரும்.)

இரண்டாவது குறைக்கு வருகிறேன். திரும்ப வருவது குறையே இல்லை. மேலே உள்ள பத்தியில் 'ஏறியது', 'இறங்கியது' என்று இரண்டு வார்த்தைகள்தான் மாறி மாறி வருகின்றன. இரண்டு முறை வந்ததும் படிக்கிறவர் அந்தத் தாளத்துக்குப் பழகிவிடுகிறார். மூன்றாம் முறை 'ஏறியது' வந்து 'இறங்கியது' வராமல் போகும்போது அவர் மூச்சும் நிற்கிறது. தாளத்தைப் பழக்கிவிட்டு ஓர் இடத்தில் உடைக்க வேண்டும். உடையாமல் போய்க்கொண்டே இருந்தால் அலுப்பு.

இது வாக்கிய அளவிலும் நடக்கும். "அப்பா தண்ணீர் கேட்டார். கொடுத்தாள். அப்பா தண்ணீர் கேட்டார். கொடுத்தாள். விடியற்காலையில் அவர் கேட்கவில்லை. டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்." இதில் ஓசைச் சொல் ஒன்றுகூட இல்லை. ஆனாலும் காதில் விழுகிறது, கேட்காமல் போன அந்த ஒரு வார்த்தை.

நம் இலக்கணக்காரர்கள் இந்த விஷயத்தில் காது கூர்மையானவர்கள். 'இரட்டைக்கிளவி இரட்டிற் பிரிந்திசையா' என்கிறது தொல்காப்பியம். 'சலசல'வைப் பாதியாக வெட்டினால் 'சல' என்று ஒன்றும் மிஞ்சாது. 'வா வா' போன்ற அடுக்கு அப்படியல்ல, ஒவ்வொரு 'வா'வுக்கும் பொருள் உண்டு. அவசரத்தில் அடுக்கும் சொல் மூன்று வரைதான் போகலாம் என்று எல்லைகூட வகுத்திருக்கிறார்கள். 'தீ தீ தீ' என்று கத்தலாம். ஆறு தடவை கத்தினால் அவசரம் போய்விடும்! ஆச்சரியக்குறியோடு 'ஓடு ஓடு ஓடு ஓடு' என்று வரி நிறைய எழுதுகிறவர்கள் இதை யோசிக்கலாம்.

இன்னொன்று. ஒரே மாதிரி இரட்டித்தாலும் பக்கத்தில் இருக்கும் சொல்லைப் பொறுத்துப் படம் மாறும். 'பார்த்துப் பார்த்துக் கட்டிய வீடு' என்றால் ஒரு மனிதரின் அக்கறை தெரிகிறது. 'பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப்போனது' என்றால் வராத ஒருவருக்கான காத்திருப்பு. 'சரி' என்றால் சம்மதம், 'சரி சரி' என்றால் 'விடு, போதும்' என்ற சலிப்பு. 'போய்ப் போய் அவனிடமா கேட்டாய்?' என்பதில் யாரும் எங்கும் போகவில்லை, ஏளனம் மட்டும் இருக்கிறது. உரையாடலில் இந்த இரட்டிப்பு உங்களுக்குப் பத்து வரி விவரணையை மிச்சப்படுத்தும். 'அவள் எரிச்சலுடன் சொன்னாள்' என்று எழுதுவதற்குப் பதில் இரண்டாவது 'சரி' போதும்.

இனி எழுத்துகளின் ஓசை. 'டக்', 'பட்' என்று வல்லின மெய்யில் முடிகிற சொல் அங்கேயே அறுந்துவிடும். 'டாங்', 'கிண்', 'தொம்' என்று மெல்லினத்தில் முடிந்தால் சத்தம் நின்ற பிறகும் ரீங்காரம் இருக்கும். 'சர்', 'விர்' என்றால் ஏதோ உரசிக்கொண்டே போகிறது. உயிரெழுத்தும் வேலை செய்கிறது. 'கிண்' என்றால் சின்னப் பாத்திரம், 'டொம்' என்றால் பெரிய அண்டா. இது நம் பழக்கம் மட்டுமல்ல. 1929-இல் வுல்ஃப்காங் கோலர் என்ற உளவியலாளர் வளைவான உருவம் ஒன்றையும் கூர்முனைகள் கொண்ட உருவம் ஒன்றையும் காட்டி, பொருளற்ற இரண்டு பெயர்களில் எது எதற்குப் பொருந்தும் என்ற கேள்வியை எழுப்பினார். 2001-இல் வி. எஸ். ராமச்சந்திரனும் எட்வர்ட் ஹப்பர்டும் 'பூபா', 'கிகி' என்ற பெயர்களை வைத்து அதைத் திரும்பச் செய்தபோது, மிகப் பெரும்பாலானோர் கூர்முனை உருவத்துக்குக் 'கிகி' என்றே பெயர் வைத்தார்கள். காதில் விழுவது கண்ணுக்கும் உருவமாகிறது.

அதனால்தான் நம்மிடம் ஓசையே இல்லாதவற்றுக்கும் இத்தனை இரட்டைக்கிளவிகள். பளபள கண்ணுக்கு, கமகம மூக்குக்கு, பிசுபிசு தோலுக்கு. இவற்றைப் பயன்படுத்துங்கள். உங்கள் கதையில் அப்பாவின் நெற்றியை மகள் தொடும் இடம் இருக்கிறது. அங்கே 'வியர்வையாக இருந்தது' என்று எழுதியிருக்கிறீர்கள். 'பிசுபிசுத்தது' என்றால் விரல் ஒட்டிக்கொள்ளும்.

'பிசுபிசுத்தது' என்றேன், 'பிசுபிசுவென்று இருந்தது' என்று சொல்லவில்லை. இது சின்ன விஷயம்தான், ஆனால் நிறையப் பேர் கவனிப்பதில்லை. 'வென்று' போட்டால் எழுத்தாளர் முன்னால் வந்து ஓசையைச் சுட்டிக்காட்டுகிற மாதிரி இருக்கும். வினையாக்கிவிட்டால் ஓசை செயலுக்குள் போய்விடும்: சருகு சலசலத்தது, உதடு துடிதுடித்தது. பெயராக்கினால் பெரும்பாலும் செத்துவிடும். 'பரபரப்பு', 'சலசலப்பு', 'படபடப்பு' எல்லாம் செய்தித்தாளுக்குப் போய்விட்டன. அவற்றைப் படிக்கும்போது யாருக்கும் எதுவும் கேட்பதில்லை.

தேய்ந்த ஜோடிகளும் அப்படித்தான். சிரிப்பு என்றால் கலகல, தண்ணீர் குடித்தால் மடமட. கண் வரியின் மேல் வழுக்கிக்கொண்டு போய்விடும். ஜோடியைப் பிரித்துப் பாருங்கள். சாவிக்கொத்து கலகலக்கட்டும். இல்லாவிட்டால் புதிதாக ஒன்றை உண்டாக்குங்கள், தமிழில் அதற்குத் தடையே இல்லை. கேட்ட ஓசையை எழுதி 'என்று' சேர்த்தால் சொல் தயார். அறையில் ஓடும் பழைய மின்விசிறி 'கிர்ரக், கிர்ரக்' என்று ஒவ்வொரு சுற்றிலும் ஓரிடத்தில் சிக்கி விடுபடுகிறது என்று எழுதினால் அந்த விசிறி வேறெந்தக் கதையிலும் இருக்காது. நாக்குக்கு வரக்கூடியதாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். 'ர்ர்ர்ர்ர்ர்' என்று இழுக்காதீர்கள். ஒரு புள்ளி கூடுதலாக வைத்தாலே நம் காது நீட்டிக்கொள்ளும்.

ஓசைச் சொல்லே இல்லாமல் ஓசையைக் கேட்க வைப்பது இன்னும் கடினம். குறுந்தொகையின் 138-ஆம் பாட்டில் கொல்லன் அழிசி அதைச் செய்திருக்கிறார். ஊர் தூங்கியும் நாங்கள் தூங்கவில்லை, வீட்டருகே நொச்சி மரத்தின் பூ உதிரும் ஓசையைக் கேட்டுக்கொண்டே இருந்தோம் என்கிறாள் தோழி. பூ விழும் ஓசைக்கு 'பொத்' என்றோ 'சொத்' என்றோ அவர் எதையும் வைக்கவில்லை. 'பாடு', அதாவது ஓசை, என்று பொதுவாகச் சொல்லி நிறுத்திவிட்டார். பூ விழுவது கேட்கிறதென்றால் அந்த இரவு எவ்வளவு அமைதி, காத்திருந்தவர்கள் எவ்வளவு நேரம் காதைத் தீட்டிக்கொண்டிருந்திருக்கிறார்கள் என்பதை நாமே கணக்குப் போட்டுக்கொள்கிறோம். வராத தலைவனிடம் இதைச் சொல்வதில் இருக்கும் குத்தலும் சேர்ந்தே வருகிறது.

உங்கள் கதையில் இப்படி ஓரிடம் கிடைக்குமா என்று தேடுங்கள். கடைசிப் பக்கத்தில், அப்பா போன பிறகு, 'எங்கும் ஒரே நிசப்தம்' என்று முடித்திருக்கிறீர்கள். அந்த வரி வேண்டாம். மின்விசிறியை நான் சொன்னபடி வைத்திருந்தீர்களானால், அவள் எழுந்து அதை நிறுத்தட்டும். திருத்திய பிறகு அந்த நண்பரிடமே கொடுத்து உரக்கப் படிக்கச் சொல்லுங்கள், நீங்கள் கேளுங்கள். அவர் எந்தச் சொல்லை வேகமாகத் தாண்டுகிறாரோ அதை மட்டும் அடித்தால் போதும்.