நைட்ரிக் ஆக்ஸைடுக்காக நோயாளியை இடம் மாற்றலாமா?

கேள்வி: அண்ணனுக்கு வயது 46. ஃப்ளூ காய்ச்சல் நிமோனியாவாக முற்றி, 4 நாட்களாக வென்டிலேட்டரில் இருக்கிறார். ஆக்ஸிஜன் அளவு ஏறவே மாட்டேன் என்கிறது. நைட்ரிக் ஆக்ஸைடு வாயுவைக் கொடுத்தால் பிழைத்துவிடுவார் என்கிறார் உறவினர் ஒருவர். இங்கே அந்த வசதி இல்லை. வேறு மருத்துவமனைக்கு மாற்றலாமா?

பதில்: அந்த வாயுவுக்காக மட்டும் மாற்ற வேண்டாம்.

வைரஸ் தாக்கிய நுரையீரலில் பல காற்றறைகள் நீர் கோத்து அடைபட்டிருக்கும். அவற்றை ஒட்டி ஓடும் இரத்தம் ஆக்ஸிஜன் பெறாமலே திரும்பிவிடுகிறது. மூச்சோடு போகும் நைட்ரிக் ஆக்ஸைடு, திறந்திருக்கும் அறைகளை மட்டுமே அடைந்து அங்குள்ள இரத்தக் குழாய்களை விரிக்கும். இரத்தம் அந்தப் பக்கம் திரும்ப, ஆக்ஸிஜன் ஏறும். ஹீமோகுளோபின் அந்த வாயுவை உடனே பிடித்துச் செயலிழக்கச் செய்துவிடுவதால், உடலின் மற்ற பகுதிகளில் இரத்த அழுத்தம் பெரும்பாலும் சரியாது.

இவ்வளவு இருந்தும், ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது கிடைத்த விடை ஏமாற்றமானது. ஆக்ஸிஜன் ஓரிரு நாள் உயர்கிறது, இறப்பு குறையவில்லை. சிறுநீரகப் பாதிப்பு கூடியது. இந்த நோயில் பலர் இறப்பது ஆக்ஸிஜன் குறைவால் மட்டுமல்ல, மற்ற உறுப்புகளும் அடுத்தடுத்துச் செயலிழப்பதால். மானிட்டரில் ஓர் எண் ஏறுவதைப் பார்க்க எவ்வளவு தவிப்பீர்கள் என்பது எனக்குத் தெரியும். ஆனால் அந்த எண்ணை உயிரோடு சேர்த்துப் பார்க்காதீர்கள்.

உயிரைக் காப்பதாக நிரூபணமானது வேறு. நோயாளியைக் குப்புறப் படுக்கவைப்பது. 2013இல் வெளியான பிரெஞ்சு ஆய்வில், தொடர்ந்து 16 மணி நேரமாவது குப்புறப் படுக்கவைக்கப்பட்டவர்களில் 28 நாட்களுக்குள் இறந்தவர்கள் 16 சதவீதம். மல்லாந்தே இருந்தவர்களில் 32.8 சதவீதம். இதை அண்ணனுக்குச் செய்கிறார்களா என்று முதலில் கேளுங்கள். வென்டிலேட்டர் தரும் ஒவ்வொரு மூச்சும், உயரத்தை வைத்துக் கணக்கிட்ட எடைக்குக் கிலோவுக்கு 6 மி.லி. அளவில் இருக்கிறதா என்றும் கேட்கலாம்.

இவையெல்லாம் செய்தும் ஆக்ஸிஜன் அபாய அளவில் நின்றால், அல்லது இதயத்தின் வலப்பக்கம் திணறினால், நைட்ரிக் ஆக்ஸைடு கொஞ்சம் அவகாசம் வாங்கித் தரும். அப்போதும் இரத்தத்தில் மெத்தீமோகுளோபினை, அதாவது ஆக்ஸிஜனைச் சுமக்க முடியாதபடி மாறிவிட்ட ஹீமோகுளோபினை, அளந்துகொண்டே இருக்க வேண்டும். திடீரென நிறுத்தக் கூடாது. ஹீலியம் கலவையைப் பற்றியும் யாராவது சொல்லக்கூடும். அது குறுகிய மூச்சுக் குழாய்க்கு உதவுவது. கலவையில் பெரும்பங்கு ஹீலியமே என்பதால், உங்கள் அண்ணனுக்குத் தேவையான ஆக்ஸிஜனுக்கு அதில் இடமிருக்காது.

இடம் மாற்றுவதாக இருந்தால் எக்மோ (இரத்தத்தை உடலுக்கு வெளியே எடுத்து, ஆக்ஸிஜன் ஏற்றித் திருப்பி அனுப்பும் கருவி) வசதிக்காக யோசியுங்கள். இந்த நிலையில் வழியில் கொண்டுபோவதே ஆபத்து என்பதால், முடிவை இரு மருத்துவக் குழுக்களும் பேசி எடுக்க வேண்டும். வென்டிலேட்டரில் வைத்த முதல் 7 நாட்களுக்குள் தொடங்கினால்தான் எக்மோவால் பலன் கிடைக்கும் வாய்ப்பு அதிகம். 4 நாட்கள் போய்விட்டன. எக்மோ மையத்துடன் பேசியாயிற்றா என்று மருத்துவரிடம் இன்றே கேளுங்கள்.