டொராண்டோவில் ஒத்தி வீடு கிடையாது

அன்புள்ள தம்பிக்கு,

செப்டம்பரில் மனைவியையும் மூன்று வயதுக் குழந்தையையும் அழைத்துக்கொண்டு மதுரை வில்லாபுரத்திலிருந்து டொராண்டோ வரப்போகும் நீங்கள் இரண்டு கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். ஸ்கார்பரோவில் உறவினர் வழியாகத் தெரிந்த தமிழர் ஒருவர் வீட்டின் பேஸ்மென்ட்டில், அதாவது நிலத்தடித் தளத்தில், குடியேறுவதா, பல நாட்டவரும் கலந்து வாழும் தார்ன்கிளிஃப் பார்க் போன்ற பகுதியில் அடுக்குமாடி வீடு பார்ப்பதா என்பது ஒன்று. ஊரில் ஒத்திக்கு எடுப்பதுபோல் மொத்தப் பணத்தைக் கொடுத்துவிட்டு வாடகையைத் தவிர்க்கவோ குறைக்கவோ முடியுமா என்பது மற்றொன்று.

இரண்டாவதற்கு விடை சுருக்கமானது: முடியாது. டொராண்டோ இருக்கும் ஒண்டாரியோ மாகாணத்தின் சட்டப்படி வீட்டு உரிமையாளர் கேட்டு வாங்கக்கூடிய முன்பணம் ஒரு மாத வாடகைதான். அதையும் நீங்கள் காலி செய்யும்போது கடைசி மாத வாடகையாகவே கழிக்க வேண்டும். அது அவரிடம் இருக்கும்வரை ஆண்டுதோறும் வட்டியும் தர வேண்டும். ஆணி அடித்ததற்கும் வெள்ளையடிப்பதற்கும் பிடித்துக்கொள்வதற்கென்று தனியாக ஒரு தொகை வாங்க இங்கு அனுமதி இல்லை. புதிதாக வந்தவர்களிடம், இந்நாட்டில் கடன் வாங்கித் திருப்பிய பதிவு இல்லையே என்று காரணம் சொல்லி ஆறு மாத வாடகையை மொத்தமாகக் கேட்பவர்கள் உண்டு. அப்படிக் கேட்பது சட்டத்துக்குப் புறம்பானது என்பதைத் தெரிந்துகொண்டு பேசுங்கள்.

முதல் கேள்விக்கு என் விடை அடுக்குமாடி வீடுதான். தமிழர் வீட்டின் மீது எனக்குக் குறை எதுவும் இல்லை. ஆனால் உறவுக்காரர் வழியாகப் போகும் வீட்டில் ஒப்பந்தம் கேட்கக் கூச்சப்படுவீர்கள். கொடுத்த வாடகைக்கு ரசீது கேட்கத் தயங்குவீர்கள். அவர் மகனுக்குக் கல்யாணம் என்று சொல்லிக் காலி செய்யச் சொன்னால், பனிக்காலத்தின் நடுவிலும் மறுபேச்சின்றிப் பெட்டியைக் கட்டுவீர்கள். தனிச் சமையலறையும் குளியலறையும் உள்ள பேஸ்மென்ட்டுக்கும் வாடகைதாரர் சட்டம் பொருந்தும் என்பது உண்மைதான். உரிமையாளரோடு அவற்றில் ஒன்றையேனும் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடாக இருந்தால் மட்டும் அந்தச் சட்டப் பாதுகாப்பு கிடையாது. ஆகவே ‘அடுப்படி பொதுதான், நம்ம வீடு மாதிரி இருந்துக்கோங்க’ என்று அன்பாகச் சொல்லப்படும் இடத்தில்தான் அதிகக் கவனம் வேண்டும்.

அடுக்குமாடியில் வீட்டை வாடகைக்கு விடும் நிறுவனம் உங்களை யாரென்று அறியாது. அதனாலேயே எல்லாம் தாளில் இருக்கும். 2018 ஏப்ரல் 30 முதல் பெரும்பாலான வீடுகளுக்கு மாகாண அரசு வகுத்த ஒரே படிவத்தில்தான் ஒப்பந்தம் எழுத வேண்டும். தார்ன்கிளிஃப் பார்க்கின் பழைய கோபுரக் கட்டடங்கள் பல 1960களில் எழுந்தவை. லிஃப்ட் மெதுவாக வரும், தரை தேய்ந்திருக்கும். ஆனால் அறைகள் விசாலமானவை, வெப்பமூட்டலும் தண்ணீரும் பெரும்பாலும் வாடகையிலேயே அடங்கிவிடும். இங்கு ஹைட்ரோ என்று சொல்லப்படும் மின்கட்டணம் சேர்த்தியா தனியா என்பதை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். இன்னொரு ஆதாயமும் உண்டு. பழைய கட்டடங்களில் பொதுவாக அரசு அறிவிக்கும் வரம்புக்குள்தான் ஆண்டு வாடகை உயர்வு இருக்கும். 2025இல் அது 2.5 சதவீதம், 2026இல் 2.1 சதவீதம். 2018 நவம்பர் 15க்குப் பிறகு முதன்முதலாகக் குடியேறப்பட்ட வீடுகளுக்கு இந்த வரம்பு கிடையாது. கண்ணாடி பளபளக்கும் புதிய காண்டோ அடுக்குமாடி வீட்டில் மயங்கிவிட்டு, அடுத்த ஆண்டு உயர்வுக் கடிதம் வந்ததும் திகைத்து நிற்பவர்கள் இங்கு நிறையப் பேர்.

வீடு பார்க்கும்போது வரவேற்பறையில் நேரம் செலவழிக்க வேண்டாம். சமையலறை அலமாரிகளைத் திறந்து, கீல்களின் இடுக்கில் கைப்பேசி வெளிச்சத்தை அடித்துப் பாருங்கள்; மிளகுத்தூள் சிதறியதுபோல் கரும்புள்ளிகள் தெரிந்தால் கரப்பான் இருக்கிறது. அடுப்புக்கு மேலுள்ள புகைபோக்கி காற்றை வெளியே தள்ளுகிறதா, வடிகட்டி அறைக்குள்ளேயே விடுகிறதா என்றும் கேளுங்கள். இரண்டாவது வகையாக இருந்தால், வற்றல் மிளகாய் தாளித்த மறுநிமிடம் புகை எச்சரிக்கைக் கருவி அலறும். அதைத் துணியால் மூடுவதும் கழற்றி வைப்பதும் குற்றம்.

பல நாட்டவர் நடுவில் மனைவி தனியாகிவிடுவாரோ என்று அஞ்சுகிறீர்கள். முஸ்லிம்கள் வாழும் காஜிமார் தெருவையும் சௌராஷ்டிரர் வாழும் தெருக்களையும் கடந்து வளர்ந்த மதுரைக்காரர் இதற்கு இவ்வளவு தயங்க வேண்டியதில்லை. தார்ன்கிளிஃப் பார்க்கில் ஆப்கானியரும் பாகிஸ்தானியரும் பிலிப்பினோக்களும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஒரே பூங்காவுக்கு வருகிறார்கள். தமிழ்க் கடைகளுக்கு வாரம் ஒருமுறை பேருந்தில் ஸ்கார்பரோ போய் வரலாம். வீடு தேடும்போது ‘என்ன ஆளுங்க’ என்று மதுரையில் கேட்பதை இங்கு எவரேனும், நம்மவரேயானாலும், கேட்டால் பதில் சொல்ல வேண்டாம். சாதியின் பெயரால் பாகுபாடு காட்டுவதும் மனித உரிமைச் சட்டத்தின் கீழ் வரும் என்று ஒண்டாரியோ மனித உரிமை ஆணையம் 2023இல் தெளிவாக்கியிருக்கிறது.

புறப்படும் முன்பு, இப்போதைய வீட்டு உரிமையாளரிடம் நீங்கள் எத்தனை ஆண்டு குடியிருந்தீர்கள், வாடகையைத் தவறாமல் கொடுத்தீர்களா என்று ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வாங்குங்கள். வாடகை அனுப்பியதைக் காட்டும் வங்கிக் கணக்கு அறிக்கை, வேலைக்கான நியமனக் கடிதம், கனடாவில் செலவுக்கு வைத்திருக்கும் தொகைக்கான சான்று ஆகியவற்றை ஒரே கோப்பில் வையுங்கள். நேரில் பார்க்காத வீட்டுக்கு, படம் எவ்வளவு அழகாக இருந்தாலும், மதுரையிலிருந்து ஒரு டாலர்கூட அனுப்பாதீர்கள். முதல் சில வாரங்களுக்கு மட்டும் அந்த உறவினர் வீட்டில் தங்க இடம் கேளுங்கள். அதற்கு அவர் மகிழ்வார். வீடு அமைந்து கையெழுத்திட்ட பின், உரிமையாளரும் ஒப்பமிட்ட பிரதியை 21 நாட்களுக்குள் உங்களிடம் தர வேண்டும். வராவிட்டால் எழுத்தில் கேட்டு, அனுப்பிய மின்னஞ்சலைப் பத்திரப்படுத்துங்கள்.