திருடாதவன் எப்படித் திருடன் ஆனான்?

கேள்வி: குற்றம் செய்தால்தானே ஒருவன் குற்றவாளி? சட்டமே ஆளைக் குற்றவாளி ஆக்குகிறது என்பதெல்லாம் வக்கீல்களின் வாய்ஜாலம்தானே?
– ஒரு வாசகர், தேனி

பதில்: வாய்ஜாலம்தான் எனக்கு இத்தனை காலம் சோறு போட்டது, மறுக்கவில்லை. ஆனால் தேனியில் இருந்துகொண்டா இதைக் கேட்கிறீர்கள்? உசிலம்பட்டிக்கு பஸ் ஏறுங்கள். தொண்ணூறு வயதைத் தொட்ட பெரியவர் யாராவது இருந்தால், ‘ராத்திரிச் சீட்டு’ என்றால் என்னவென்று கேளுங்கள்.

1871-இல் வந்த குற்றப்பரம்பரைச் சட்டம், 1911-இல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. ஒரு சாதியைக் குற்றப்பரம்பரை என்று அரசு அறிவித்தால் போதும், அதில் பிறந்தவர்களெல்லாம் குற்றவாளிகள்தான். உசிலம்பட்டி வட்டாரத்துப் பிறமலைக் கள்ளர்களுக்கு அதுதான் நடந்தது. ஆண்கள் கைரேகை பதிய வேண்டும். இரவில் காவல் நிலையத்திலோ சாவடியிலோ போய்ப் படுக்க வேண்டும். வெளியூரில் தங்கச் சீட்டு வாங்க வேண்டும். ஒரு வெங்காயம்கூடத் திருடியிராதவன், கொழுந்தியாள் கல்யாணத்துக்குச் சீட்டில்லாமல் போய்த் தங்கினால் அதற்குத் தண்டனை உண்டு. பெண்டாட்டி பிள்ளைகளோடு சொந்த வீட்டுத் திண்ணையில் படுத்தாலும் அதே கதிதான்.

வக்கீலான எனக்கு இவற்றையெல்லாம்விட எரிச்சலூட்டுவது வேறொன்று. அந்த அறிவிப்பு செல்லுமா செல்லாதா என்று எந்த நீதிமன்றமும் கேட்கக் கூடாதென்று சட்டத்திலேயே எழுதி வைத்திருந்தார்கள். கொலைகாரனுக்குக்கூட அப்பீல் உண்டு. இவனுக்கு, ‘நான் அப்படிப்பட்டவன் இல்லை’ என்று சொல்லக் கூண்டே கிடையாது.

ரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் சுட்டது. 16 பேர் இறந்தார்கள். மாயக்காள் என்ற பெண்ணும் அதில் ஒருவர். அந்த மக்களுக்காக வழக்காடிய பாரிஸ்டர் ஜார்ஜ் ஜோசப்பை ‘ரோசாப்பூ துரை’ என்று இன்றும் சொல்கிறார்கள். எங்கள் தொழிலுக்கு அவரால் கொஞ்சம் மானம் மிஞ்சியது.

கேள்வி: அந்தச் சட்டம்தான் ஒழிந்துவிட்டதே, இன்னும் எதற்குப் பேச்சு?
– ஒரு வாசகி, கமுதி

பதில்: சென்னை மாகாணத்தில் 1947-இல் ஒழிந்தது, நாடு முழுக்க 1952-இல். ஆனால் சிறைக் கையேடுகளுக்கு அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை. இன்ன சாதிக்காரன் சமைக்கட்டும், இன்ன சாதிக்காரன் கூட்டட்டும், ‘நாடோடிச் சாதி’ ஆள் தப்பி ஓடுவான், கவனமாகப் பாருங்கள் என்றெல்லாம் சில மாநிலங்களில் அச்சிலேயே கிடந்தது. உச்ச நீதிமன்றம் அவற்றை ரத்துசெய்து, கைதிப் பதிவேட்டில் சாதிப் பத்தியையும் நீக்கச் சொன்னது 2024 அக்டோபரில். நீங்கள் சொல்லுங்கள், எப்போது ஒழிந்தது?