கொரோனல் சண்டையில் அட்மிரல் கிராடாக் தோற்போம் என்று தெரிந்தும் ஏன் மோதினார்?

கேள்வி இதுதான்: 1914 நவம்பர் 1 அன்று சிலி நாட்டின் கொரோனல் துறைமுகத்துக்கு வெளியே, பிரிட்டிஷ் ரியர் அட்மிரல் சர் கிறிஸ்டோபர் கிராடாக், தன்னைவிடப் பல மடங்கு வலுவான ஜெர்மன் படையை நேருக்கு நேர் போய்ச் சந்தித்தார். இரண்டு கப்பல்களும் சுமார் 1,600 பேரும் போனார்கள், அவரும் போனார். இது வீம்பா, முட்டாள்தனமா, அல்லது வேறு ஏதாவது காரணம் உண்டா?

முதல் உலகப் போரின் கடற்சண்டைகளை நான் பல வருடங்களாகப் படித்து வருகிறேன், அதில் திரும்பத் திரும்ப என்னை இழுப்பது இந்த மனிதருடைய கதை. வீம்பு என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவது அநியாயம் என்பது என் கருத்து. அவரை அந்த இடத்தில் கொண்டுபோய் நிறுத்தியது லண்டனில் இருந்த கடற்படைத் தலைமையகம், அதாவது அட்மிரால்டி. சண்டையிலிருந்து விலக முடியாமல் செய்தது அவருடைய நண்பர் ஒருவருக்கு நேர்ந்த கதி. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்காமல் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது.

முதலில் ஆள் யார் என்று பார்ப்போம். 1862-ல் யார்க்‌ஷயரில் பிறந்தவர், 1875-ல் சிறுவனாகவே கடற்படையில் சேர்ந்தவர். சூடானில் சண்டை போட்டிருக்கிறார். 1900-ல் சீனாவில் வெளிநாட்டவருக்கு எதிரான பாக்ஸர் கலகம் நடந்தபோது டாக்கு கோட்டைகளைப் பிடித்த தாக்குதலில் பிரிட்டிஷ் படையணிக்கு முன்னால் நின்றவர், அதற்குப் பலனாக அடுத்த வருடமே கேப்டன் ஆனார். சீனாவில் செய்த சேவைக்காக ஜெர்மன் தரப்பிலிருந்தும் அவருக்குப் பதக்கம் கொடுத்தார்கள் என்பதை இன்று படிக்கும்போது மனசு என்னவோ செய்கிறது. 1910-ல் ரியர் அட்மிரல். 1911 டிசம்பரில் மொராக்கோ கரையில் தரைதட்டிய ‘டெல்லி’ என்ற பயணிகள் கப்பலில் மன்னர் ஐந்தாம் ஜார்ஜின் சகோதரியும் அவர் குடும்பமும் இருந்தார்கள், அந்த மீட்புப் பணியை முன்னின்று நடத்தியவர் இவர். சர் பட்டம் அப்படி வந்ததுதான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கப்பலோட்டுவதைப் பற்றிப் புத்தகம் எழுதியிருக்கிறார். குதிரையேறி வேட்டைக்குப் போவதில் வெறி. செத்தால் கடற்சண்டையில் சாக வேண்டும், இல்லாவிட்டால் வேட்டைக் களத்தில் கழுத்து முறிந்து சாக வேண்டும் என்று அவர் சொன்னதாக நண்பர்கள் எழுதியிருக்கிறார்கள். இந்த ஒரு பேச்சைப் பிடித்துக்கொண்டுதான் “பார், அவன் சாகத்தான் போனான்” என்று பலர் எழுதுகிறார்கள். ஆனால் செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் அவர் அனுப்பிய தந்திகளைப் பார்த்தால், பலம் போதவில்லை, கப்பல் அனுப்புங்கள், படையை இப்படிப் பிரித்து நிறுத்தலாம் என்று கணக்குப் போட்டுப் பேசும் ஒரு மனிதர்தான் தெரிகிறார்.

சரி, எதிரே இருந்தவர் யார்? வைஸ் அட்மிரல் மாக்சிமிலியன் ஃபான் ஸ்பீ. சீனாவின் சிங்டாவில் இருந்த ஜெர்மன் கிழக்காசியப் படையின் தளபதி. போர் தொடங்கியதும் பசிபிக் கடலுக்குள் மறைந்துவிட்டார். நம் ஊர்க்காரர்களுக்கு இவருடைய படையில் ஒரு கப்பலை நன்றாகவே தெரியும்: எம்டன். 1914 ஆகஸ்டில் பேகன் தீவில் வைத்து அதைத் தனியாகப் பிரித்து இந்தியப் பெருங்கடலுக்கு அனுப்பியவர் இதே ஸ்பீதான். செப்டம்பர் 22 இரவு எம்டன் சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்தியது, அதே 22-ஆம் தேதி ஸ்பீ பசிபிக்கில் டஹிட்டியின் பபீட்டே ஊர்மீது குண்டு போட்டுக்கொண்டிருந்தார். அவரிடம் இருந்த இரண்டு பெரிய கப்பல்கள் ஷார்ன்ஹார்ஸ்ட், நைசனோ. ஒவ்வொன்றிலும் எட்டு 21 சென்டிமீட்டர் பீரங்கிகள், சேர்ந்து பல காலம் பழகிய மாலுமிகள், ஜெர்மன் கடற்படையிலேயே குறி தவறாமல் சுடுவதில் பரிசு வாங்கிய கப்பல்கள்.

கிராடாக்கிடம் இருந்தது என்ன என்று பாருங்கள். அவருடைய கொடிக்கப்பல் (தளபதி ஏறியிருக்கும் கப்பல்) குட் ஹோப், 1901-ல் வெள்ளோட்டம் விட்ட பழைய கவசக் குரூசர் (பக்கங்களில் கவசத் தகடு போர்த்திய போர்க்கப்பல்), போருக்காக அவசர அவசரமாக ரிசர்வ் ஆட்களை ஏற்றி அனுப்பியது. அதில் ஹாலிஃபாக்ஸ் கடற்படைக் கல்லூரியிலிருந்து வந்த நான்கு கனடிய இளைஞர்களும் இருந்தார்கள், அந்தப் போரில் கனடியக் கடற்படை பறிகொடுத்த முதல் உயிர்கள் அவை. இரண்டாவது மான்மத், அதுவும் பழையது, 6 அங்குல பீரங்கிகள் மட்டுமே. மூன்றாவது கிளாஸ்கோ, அது ஒன்றுதான் புதிது, ஆனால் சின்ன லைட் குரூசர். நான்காவது ஒட்ராண்டோ, பயணிகள் கப்பலுக்குச் சில பீரங்கிகளைப் பொருத்தி அனுப்பியிருந்தார்கள், வேகம் சுமார் 16 நாட்தான் (ஒரு நாட் என்றால் மணிக்கு ஒரு கடல் மைல்).

எண்ணிக்கையைவிட முக்கியமான ஒரு விஷயம், அந்தப் பழைய குரூசர்களின் 6 அங்குல பீரங்கிகள் வைக்கப்பட்டிருந்த இடம். பக்கவாட்டில் அடுக்கு அடுக்காக, இரண்டு தளங்களில் வைத்திருந்தார்கள். கீழ்த்தளத்துப் பீரங்கி வாய்கள் தண்ணீருக்கு மிக அருகில். அமைதியான கடலில் பரவாயில்லை. தென் சிலிக் கடலில் காற்று கிளம்பி அலை எழும்பினால் அந்தத் திறப்புகள் வழியாகக் கடலே உள்ளே வந்துவிடும், குறி பார்ப்பது எங்கே, மூடி வைக்கத்தான் முடியும். அன்று மாலை கடல் அப்படித்தான் இருந்தது. ஆக, காகிதத்தில் இருந்த பீரங்கிகளில் பாதியளவுதான் உண்மையில் சுடத் தகுந்த நிலையில் இருந்தது.

இப்போது நண்பர் கதை. ரியர் அட்மிரல் எர்னஸ்ட் ட்ரூபிரிட்ஜ், போர் தொடங்கிய முதல் வாரத்தில் மத்தியதரைக் கடலில் நான்கு கவசக் குரூசர்களோடு இருந்தார். ஜெர்மன் போர்க்குரூசர் (பெரிய பீரங்கிகளும் அதிக வேகமும் கொண்ட பெரிய போர்க்கப்பல்) கோபென் துருக்கியை நோக்கி ஓடிக்கொண்டிருந்தது. வலுவான படையோடு மோத வேண்டாம் என்று அட்மிரால்டி ஏற்கனவே தந்தி கொடுத்திருந்தது. கோபெனின் 28 சென்டிமீட்டர் பீரங்கிகள் தன் கப்பல்களைத் தூரத்திலிருந்தே உடைத்துவிடும் என்று கணக்குப் போட்டு, ஆகஸ்ட் 7 விடியற்காலை துரத்துவதை விட்டுத் திரும்பினார். கோபென் தப்பித்தது. நாடே கொதித்தது. செப்டம்பரில் அவரை வரவழைத்து விசாரணை வைத்தார்கள், அப்புறம் நவம்பரில் கோர்ட் மார்ஷல், அதாவது படை நீதிமன்ற விசாரணை. குற்றமற்றவர் என்று தீர்ப்பு வந்தது, இருந்தும் அவருக்குக் கடலில் ஒரு கப்பலின் பொறுப்பைக்கூட அதன்பிறகு யாரும் தரவில்லை.

கிராடாக் தென் அமெரிக்காவில் இருந்தபோதே இந்தச் செய்தி எட்டியிருந்தது. தென் அட்லாண்டிக்கில் பிரிட்டன் வசம் இருந்த ஃபாக்லாந்து தீவுகளை விட்டுக் கிளம்பும் முன், தான் இறந்தால் மட்டும் அனுப்ப வேண்டும் என்று சொல்லி, பிரிட்டிஷ் கடற்படையின் இன்னொரு தளபதியான அட்மிரல் மியூவுக்கு எழுதிய ஒரு கடிதத்தை அங்கே கவர்னரிடம் விட்டுப் போனார். பாவம் ட்ரூபிரிட்ஜுக்கு வந்த கதி எனக்கு வராமல் பார்த்துக்கொள்வேன் என்ற அர்த்தத்தில் அதில் எழுதியிருந்தார். அவர் மனசில் என்ன ஓடியது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரிந்து வேறு இல்லை.

இனி அந்தத் தந்திகள். செப்டம்பர் 14-ல் அட்மிரால்டி சொன்னது: ஷார்ன்ஹார்ஸ்ட், நைசனோ இரண்டையும் எதிர்கொள்ளும் அளவுக்குப் படையைச் சேர், மத்தியதரைக் கடலிலிருந்து டிஃபென்ஸ் உன்னிடம் வருகிறது. டிஃபென்ஸ் நல்ல, புதிய கவசக் குரூசர், கோபெனைத் துரத்தியபோது ட்ரூபிரிட்ஜின் கொடிக்கப்பல் அதுதான். ஸ்பீ மேற்குப் பக்கம் போவதாகச் செய்தி வந்ததும் அந்த உத்தரவை ரத்து செய்தார்கள், ரத்து செய்ததைக் கிராடாக்கிடம் சொல்லவே இல்லை! மனுஷன் வராத கப்பலுக்காகக் காத்துக்கொண்டிருந்தார். டிஃபென்ஸுக்குப் பதிலாக அவருக்குக் கிடைத்தது கனோபஸ் என்ற கிழட்டுப் போர்க்கப்பல். நான்கு 12 அங்குல பீரங்கிகள் உண்டு, ஆனால் 12 நாட்டுக்கு மேல் போகாது என்று அதன் தலைமை இன்ஜினியர் சொன்னார். (உண்மையில் 16 நாட் வரை போகக்கூடியது. அந்த இன்ஜினியர் மனநிலை சரியில்லாமல் இருந்தார் என்பதும் இயந்திரத்தில் பெரிய கோளாறு இல்லை என்பதும் கிராடாக் கிளம்பிப் போனபிறகுதான் கேப்டனுக்குத் தெரிந்தது, அவர் அதைக் கிராடாக்குக்குச் சொல்லவில்லை.) அக்டோபர் 26-ல் கிராடாக், கனோபஸ் வேகத்தில் எதிரியைத் தேடிப் பிடிப்பது நடக்காத காரியம், டிஃபென்ஸை என்னிடம் வரச் சொல்லியிருக்கிறேன் என்று தந்தி கொடுத்தார். அந்தத் தந்தியின் மேல் கடற்படை அமைச்சர் வின்ஸ்டன் சர்ச்சில், இது தெளிவாக இல்லை, கிராடாக் என்ன செய்ய நினைக்கிறார் என்று புரியவில்லை என்று குறிப்பு எழுதினார். டிஃபென்ஸ் தென் அமெரிக்காவின் கிழக்குக் கரையிலேயே இருக்கட்டும் என்று பதில் போனது. தேடு என்ற உத்தரவு மட்டும் அப்படியே இருந்தது.

இப்படிப்பட்ட நிலையில் ஒரு தளபதி என்ன நினைப்பார்? இன்னொரு தடவை முடியாது என்று சொன்னால் ட்ரூபிரிட்ஜ் வரிசையில் நிற்க வேண்டும். கனோபஸை நிலக்கரிக் கப்பல்களுக்குக் காவலாகப் பின்னால் வரச் சொல்லிவிட்டு அவர் வடக்கே போய்விட்டார்.

சண்டை நடந்த விதம் இது. ஸ்பீ தன் படையில் லைப்ஸிக் என்ற ஒரே கப்பலின் அழைப்புக் குறியை வைத்துத்தான் வயர்லெஸ் பேசச் சொல்லியிருந்தார். அதனால் கிராடாக் தனியாக ஒரு சின்னக் குரூசரைப் பிடிக்கப் போவதாக நினைத்தார். ஸ்பீயோ கொரோனலில் நின்றிருந்த கிளாஸ்கோவைப் பிடிக்க வந்தார். நவம்பர் 1 மாலை நாலரை மணி வாக்கில் இரண்டு பேரும் முழுப் படையைப் பார்த்துவிட்டார்கள். கனோபஸ் சுமார் 250 மைல் தெற்கே. கிராடாக் எதிரியை நோக்கித் திரும்பினார். அவருக்கு இருந்த ஒரே வாய்ப்பு சூரியன். பிரிட்டிஷ் கப்பல்கள் மேற்கே, சூரியன் அவர்கள் முதுகுக்குப் பின்னால், வெயில் ஜெர்மன் பீரங்கியாளர்களின் கண்ணில் அடித்தது. அந்த நேரத்திலேயே நெருங்கி அடிக்கப் பார்த்தார். ஸ்பீ விடவில்லை, விலகி விலகி ஓடி நேரம் கடத்தினார். ஏழு மணியை ஒட்டிச் சூரியன் இறங்கியதும் எல்லாம் தலைகீழ். மேற்கு வானத்தின் சிவப்பில் பிரிட்டிஷ் கப்பல்கள் கருநிழலாகத் துல்லியமாகத் தெரிந்தன, ஜெர்மன் கப்பல்கள் மலையும் இருட்டுமான கரைப் பின்னணியில் கரைந்துபோயின. சுமார் 12,000 கெஜ தூரத்தில் ஸ்பீ சுட ஆரம்பித்தார். ஆரம்பத்திலேயே குட் ஹோப்பின் முன்பக்கத்து 9.2 அங்குல பீரங்கி போய்விட்டது, அந்தப் படையில் அந்த அளவுப் பீரங்கி மொத்தமே இரண்டு. எட்டு மணிக்குச் சற்று முன் குட் ஹோப் பெரிதாக வெடித்து, அதன்பின் யார் கண்ணிலும் படவில்லை.

மான்மத்தின் முடிவு இன்னும் கொடுமை. முன்பக்கம் உடைந்து தண்ணீர் ஏறிக்கொண்டிருந்த கப்பலின் அருகே கிளாஸ்கோவின் கேப்டன் ஜான் லூஸ் வந்து, நிலைமை எப்படி என்று விளக்குச் சமிக்ஞையில் கேட்டார். பின்பக்கத்தை அலைக்குக் கொடுக்கப் பார்க்கிறேன், முன்னால் தண்ணீர் மோசமாக ஏறுகிறது என்று பதில் வந்தது. அதற்குப் பிறகு கேட்டதற்குப் பதிலே இல்லை. நிலா வெளிச்சத்தில் ஜெர்மன் கப்பல்கள் நெருங்க, தன் கப்பலையும் சேர்த்து இழக்க வேண்டாம், கனோபஸை எச்சரிக்க ஒரு ஆளாவது வேண்டும் என்று லூஸ் விலகிப் போனார். அந்த முடிவை நான் குறை சொல்ல மாட்டேன். மான்மத்தை ஸ்பீ படையின் சின்னக் குரூசர் நூர்ன்பெர்க் கண்டுபிடித்தபோது அது சுட முடியாத நிலையில் சாய்ந்திருந்தது, கொடியை மட்டும் இறக்கவில்லை. அருகிலிருந்து சுட்டு மூழ்கடித்தார்கள். இரண்டு கப்பல்களிலும் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. ஜெர்மானியர் தரப்பில் மூன்று பேருக்குக் காயம், அவ்வளவுதான்.

அவர் தப்பித்திருக்க முடியுமா? முடிந்திருக்கும் என்றே நினைக்கிறேன். ஒட்ராண்டோவை அப்போதே ஒரு திசையில் ஓடச் சொல்லிவிட்டு, மீதி மூன்றும் தெற்கே கனோபஸை நோக்கிப் போயிருந்தால், இரண்டரை மணி நேரத்தில் இருட்டிவிடும், அந்த அலையில் ஸ்பீயும் முழு வேகத்தில் துரத்தியிருக்க முடியாது. ஆனால் ஒட்ராண்டோவை விட்டுவிட்டுப் போக அவர் மனசு இடம் கொடுக்கவில்லை. அதை விட்டுவிட்டு இப்போது போய் எதிரியோடு மோத முடியாது என்று அவரே சமிக்ஞை கொடுத்திருக்கிறார். இந்த இடத்தில் அவர் மேல் எனக்கு வருத்தம் உண்டு. 1,600 பேருடைய உயிர் அவர் கையில் இருந்தது.

அதே சமயம், வீணாகச் செத்தார்கள் என்று சொல்வதும் சரியில்லை. ஜெர்மன் கப்பல்களுக்கு அந்தக் கடலில் துறைமுகம் கிடையாது, குண்டு நிரப்ப வழி கிடையாது. ஷார்ன்ஹார்ஸ்ட் 422 பெரிய குண்டுகளையும் நைசனோ 244 குண்டுகளையும் அன்று சுட்டுத் தீர்த்தன, மொத்த இருப்பில் நாற்பது சதவீதத்துக்கும் மேல். இரண்டு நாள் கழித்து சிலியின் வால்பரைசோ துறைமுகத்தில் மாலை மரியாதையோடு வரவேற்றபோது, தனக்குக் கொடுத்த பூக்களை என் கல்லறைக்கு ஆகும் என்று ஸ்பீ சொன்னதாகப் பல புத்தகங்களில் வருகிறது. டிசம்பர் 8-ல் ஃபாக்லாந்தில் அவரும் இரண்டு மகன்களும் நான்கு கப்பல்களும் போனார்கள்.

கடைசியாகப் பொறுப்பு யாருடையது என்ற விஷயம். கனோபஸைக் கொடுத்தோம், அதன் பக்கத்தில் இருந்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது என்று சர்ச்சில் பின்னாளில் வாதாடினார். எனக்கு அது எடுபடவில்லை. 12 நாட் கப்பலின் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு 20 நாட் எதிரியைத் தேட முடியாது, தேடச் சொன்னதும் இவர்கள்தான். அக்டோபர் 30-ல் அட்மிரல் ஃபிஷர் மறுபடி கடற்படைத் தலைமைக்கு வந்ததும் நிலைமையைப் பார்த்து, டிஃபென்ஸ் உடனே கிராடாக்கிடம் போகட்டும், கனோபஸ் இல்லாமல் மோத வேண்டாம் என்று நவம்பர் 3-ல் தந்தி போனது. அந்த உத்தரவைச் செப்டம்பரிலேயே கொடுத்திருக்க எந்தத் தடையும் இருக்கவில்லை. அந்த மாதங்களில் படைகளை எங்கே நிறுத்துவது என்ற வேலையைப் பார்த்த அட்மிரால்டியின் போர்ப் பணியகத் தலைவர் அட்மிரல் ஸ்டர்டீயைத்தான், இன்வின்சிபிள், இன்ஃப்ளெக்சிபிள் என்ற இரண்டு போர்க்குரூசர்களைக் கொடுத்து ஸ்பீயை முடிக்க அனுப்பினார்கள். அவர் ஜெயித்து வந்து பட்டம் வாங்கினார். என்னைக் கேட்டால் கொரோனலுக்கான கணக்கில் பெரிய பங்கு அவர் உட்கார்ந்திருந்த மேசைக்கும் சர்ச்சிலின் மேசைக்கும்தான் போக வேண்டும், கிராடாக்கின் பங்கு அதற்கு அடுத்ததுதான்.